அவளுக்குப் பத்து கிலோமீட்டர் போதும்

என் மனைவியை ஓட வைத்தது பார்வதிபுரத்து நெரிசல்தான். நான்தான் அவளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தேன் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

எங்கள் வீடு தக்கலையில். அவளுக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை. எனக்கு அதற்கு நேர் எதிர்த்திசையில், மார்த்தாண்டத்தில், ஒரு பைக் ஷோரூமின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையில் அவள் கிழக்கே போவாள், நான் மேற்கே போவேன். மேம்பாலங்களெல்லாம் பிறகு வந்தவை. நான் சொல்வது 2012. அந்த நெடுஞ்சாலையில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்துவிட்டால் நடந்து போகிறவன் சாக்கடைப் பக்கம் ஒதுங்க வேண்டும். கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர் ஒன்று நின்றுபோனால் அரைமணி நேரம் யாரும் எங்கேயும் போக முடியாது.

அவளுக்கு எட்டு மணிக்கு டூட்டி. கைரேகை வைக்கும் மெஷின் எட்டு ஒன்று காட்டினால் நிர்வாகி அவளை வரவேற்பறையில் நிற்க வைத்து, நோயாளிகள் பார்க்க, ஐந்து நிமிடம் பேசுவார். ஒருநாள் நாகர்கோவிலுக்குள் நுழைகிற பார்வதிபுரத்தில் பஸ் அசையாமல் நின்றது. அவள் இறங்கி ஓடினாள். சுடிதார், தோளில் சாப்பாட்டுப் பை, காலில் ரப்பர் செருப்பு. ஆஸ்பத்திரி அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஏழு ஐம்பத்தெட்டுக்கு விரலை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். ஒரு மாதத்தில் செருப்பு போய் கான்வாஸ் ஷூ வந்தது. வழக்கமாக வரும் கண்டக்டர் ஃபுட்போர்டில் நின்றபடி, "எக்கா, ஏறுகியளா, இல்ல இன்னைக்கும் எங்கள தோக்கடிக்கப் போறியளா?" என்று கேட்பாராம். சாயங்காலம் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

நான் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் கோப்பை வாங்கியவன். கத்தாரில் ஆறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்து, தொப்பையோடு ஊர் திரும்பியவன். கேரளத்தில் ஒரு நகரத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். பயிற்சி அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். ஷூவைக் கத்தாரிலிருந்து நண்பன் கொண்டுவந்து கொடுத்தான்.

அட்டவணை எழுதியவனுக்கு மார்த்தாண்டம் தெரியாது. ஒன்பது மணிக்குப் போனால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். வண்டி சரியாகவில்லை என்று வருகிறவன் மெக்கானிக்கைத் திட்ட மாட்டான், என்னைத்தான் திட்டுவான். வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். காலை நான்கரைக்கு எழுந்து ஓடப் போனால் ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் ரோடு நமக்கில்லை. குளச்சலிலிருந்து மீன் பெட்டி கட்டிய பைக்குகள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரும், பால் வண்டி வரும், முதல் பஸ்கள் வரும். ஒருமுறை அழகியமண்டபத்தில் பஸ் நின்றபோது, இங்கிருந்தே ஓடிப் போய்விடலாம் என்று இறங்கி ஓடினேன். வீட்டுக்கு வந்து காறித் துப்பினால் கறுப்பாக வந்தது.

அவளைக் காலை ஓட்டத்துக்கு அழைத்துப் போனது நான்தான். அது உண்மை. பெருமைக்காகத்தான் அழைத்துப் போனேன். என் பின்னால் ஒருத்தி மூச்சிரைத்துக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதல் நாள் பாசன வாய்க்காலையொட்டிய சானல்கரையில் ஐந்து கிலோமீட்டர். பாதி வழியில் அவள் லேபில் நடந்த ஏதோ கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு "ம்" போடவே மூச்சு போதவில்லை.

இரண்டு மாதத்தில் பதினைந்து, பிறகு இருபது. அவளும் முழு மாரத்தான் ஓடுவது என்று முடிவாயிற்று. நான் பின்தங்கும்போதெல்லாம் அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவாள். ஒரு ஓட்டத்தில் நான்கு தடவை. லேஸ் அவிழவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் என்னை அவமானப்படுத்தாமல் இருக்கப் பாடுபட்டாள். அந்தப் பாடுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போகாமல், குலசேகரம் வரை ஓடித் திரும்புவது என்று கிளம்பினோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமுமான ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். போகும்போது நான் முன்னால். திரும்பும்போது, எட்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கையில், என் வலது கெண்டைக்கால் சுருண்டு இறுகியது. ரோட்டோரம் விழுந்தேன். அவள் மண்டியிட்டுக் காலை நீவிவிட்டாள். எழுந்து நிற்க முடியவில்லை.

"இங்கயே இருங்க. நான் போயி ஸ்கூட்டர எடுத்துட்டு வாறேன்" என்றாள்.

"பஸ் வரும், அதுல போவோம்."

"ஞாயித்துக்கிழம பஸ்ஸு எப்ப வருமோ. பைய இருங்க."

ஓடிப்போனாள். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவளின் ஓட்டமாக அது இல்லை. ரப்பர் பால் வாளியோடு வந்த ஒருவர் என் பக்கத்தில் நின்று, அவள் போன திசையைப் பார்த்து, "அது யாரு, டீச்சரா? உங்களுக்கு சொல்லிக்குடுக்க வந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மணிநேரத்தில் ஸ்கூட்டரோடு வந்தாள். அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, நொண்டிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைகிற நேரத்தில் எங்கள் சபை வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஷோரூமில் உதிரிபாகப் பிரிவுக்காரன், "சாரே, நேத்து பொண்டாட்டி ஓட்ட நீங்க பொறத்தால இருந்து போனியளாம். பந்தயத்துலயும் அப்படியே தூக்கிட்டுப் போயிருவாளா?" என்றான். மெக்கானிக்குகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாரத்தானுக்கு எங்கள் இருவர் பெயரையும் பதிவு செய்தேன். எனக்கு நாற்பத்திரண்டு. அவளுடைய படிவத்தில் எந்த ஓட்டம் என்று கேட்கிற இடத்தில் மூன்று வட்டங்கள் இருந்தன. பத்து என்ற வட்டத்தில் அழுத்தினேன். தவறி அழுத்தவில்லை. வெளியே ஒரு வாடிக்கையாளர் பிரேக் சத்தம் போடுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவளுக்கு மின்னஞ்சல் கிடையாது. உறுதிக் கடிதம் என் பெட்டிக்குத்தான் வந்தது.

இதைவிடக் கொடிது பிறகு வந்த இரண்டு மாதம். அவள் நாற்பத்திரண்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிநேரம் நின்று ரத்தம் எடுத்து, ஸ்லைடு பார்த்து, சாயங்காலம் பஸ் வில்லுக்குறியில் நிற்கும்போது இறங்கி, மிச்ச தூரத்தை ஓடி வருவாள். வந்து சட்டியைக் கழுவுவாள். இடது கால் பெருவிரல் நகம் கறுத்து, ஒருநாள் ஷூவுக்குள்ளேயே கழன்று விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள், பிள்ளைகள் பல் விழுந்தால் காட்டுவதுபோல. "ஓடுகவங்களுக்கெல்லாம் இப்படி ஆவுமா?" என்று கேட்டாள். ஆகும் என்றேன். "முப்பதுக்கு மேல எப்படி இருக்கும்?" என்று கேட்பாள். நான் முப்பதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து விளக்குவேன். சுவர் போல ஒன்று வந்து நிற்கும், அதை மனத்தால் தாண்ட வேண்டும் என்பேன். அவள் தலையாட்டிக் கேட்பாள். ஒரு ராத்திரியாவது சொல்லியிருக்கலாம். பதிவு செய்த இணையதளத்தில் கடைசி வாரம்வரை மாற்ற வழி இருந்தது. தினமும் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

இரணியலில் ரயில் ஏறிப் போனோம். பந்தயத்துக்கு முந்தின நாள் பிற்பகலில் நம்பர் அட்டை கொடுக்கிற மேசைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் என் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு வேறு பெட்டியிலிருந்து, வேறு நிறத்தில், இன்னொன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினாள். "சேச்சிக்கு பத்து கிலோமீட்டர்" என்றாள்.

மனைவி அட்டையை வாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஃபுல்லுக்கு எடமெல்லாம் தீந்துட்டு. உனக்கிட்ட சொல்ல மறந்துபோச்சு" என்றேன்.

மேசைப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்கிறது. உதவி செய்கிற நினைப்பில், இல்லையே சார், முழு ஓட்டத்துக்குப் போன வாரம்வரை இடம் இருந்ததே என்று மலையாளத்தில் சொன்னாள். மனைவி அட்டையை வாங்கிக்கொண்டாள். நன்றி என்றாள்.

லாட்ஜ் அறைக்கு வந்தோம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள். நான் சொன்னது இதுதான்: "ஒரு பிள்ளை பெத்துத்தர வழியில்ல. இதுல நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடணுமாக்கும். உனக்கு பத்து போதும்."

கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. என் அம்மை எங்களோடுதான் இருந்தாள். மனைவியைக் குறை சொல்லாமல் அம்மைக்கு ஒரு நாள் போனதில்லை. ஓட ஆரம்பித்தபிறகு, "ஓடி ஓடித்தான் கர்ப்பப்பை எறங்கிக் கெடக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள். ஆனால் எங்கள் இருவருக்கும் உண்மை தெரியும். ஐந்து வருடத்துக்கு முன், அவள் வேலை பார்க்கும் அதே லேபில்தான் எனக்குப் பரிசோதனை செய்தோம். வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று அவளே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். குறை என்னுடையது. அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு தாள்களையும் அவள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"அந்த ஸ்லைட நான்தான் பாத்தேன். ஒண்ணுமே அசையல. மூணு தடவ பாத்தேன். உங்க அம்மைட்ட இன்னைக்குவர சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். பயப்படாண்டாம்" என்றாள்.

பிறகு பையிலிருந்து ஊக்குகளை எடுத்து, தன் பனியனில் அட்டையைக் குத்தினாள். என் பனியனையும் எடுத்து, என் அட்டையையும் கோணாமல் குத்தி வைத்தாள்.

மறுநாள் முழு ஓட்டத்தை அரைமணி முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள். அவள் பத்து கிலோமீட்டரை ஓடி முடித்தபோது நான் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருந்திருப்பேன். என் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முப்பத்தொன்றில் நின்றுபோனேன். அவளுக்கு நான் விளக்கிய சுவரெல்லாம் இல்லை. வாந்தி வந்தது, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மிச்சத்தை நடந்தேன். கடைசி ஐந்து கிலோமீட்டரில் போலீஸ்காரர்கள் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே, நெஞ்சில் நம்பரோடு, ஹாரன் அடி வாங்கிக்கொண்டு போனேன். முடிவுக் கோட்டில் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே வெயிலில் நின்றாள். தண்ணீர்க் குப்பியைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"ரெண்டு மணிக்கு ரயிலு. நடக்க முடியுமா?" என்றாள்.

ரயிலில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் தனியாக ஓடினாள். நான் எழுந்திருக்கும் முன்பே போய்விடுவாள். மறு வருடம், விடிந்தும் விடியாத நேரத்தில், புலியூர்க்குறிச்சியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் முதுகில் ஓங்கி அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சாக்கடையில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. டீக்கடைக்காரர் ஒருவர்தான் தூக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். செய்தி கேட்டதும் எனக்குப் பதற்றம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால், கண் இமைக்கிற நேரம், வேறொன்று வந்தது. இனி ஓட மாட்டாள் என்ற நிம்மதி. அதை நான் நன்றாக உணர்ந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"தெய்வமாப் பாத்து தடுத்திருக்கு" என்றாள் அம்மை. நானும் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பார்த்தபடி, "போதும், இனி வேண்டாம்" என்றேன். அவள் கட்டுப் போட்டவரிடம் திரும்பி, "எத்தன நாள்ல அவுப்பிய?" என்று கேட்டாள். கட்டை அவிழ்த்த வாரமே ஓடப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் அம்மைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. நான்கு மாதம் படுக்கை. காலையில் ஓடி வந்து, அம்மையைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் மனைவி பஸ்ஸுக்குப் போவாள். இறப்பதற்குச் சில நாள் முன்பு சபைப் பெண்கள் ஜெபிக்க வந்திருந்தார்கள். அம்மைக்கு நாக்கு குழறும். ஆனாலும் அன்றைக்கு எல்லோருக்கும் புரியும்படி சொன்னாள்: "எனக்க மவனுக்கு இவ ஒரு பிள்ளையக் குடுக்கல. வம்சம் முடிஞ்சுபோச்சு."

மனைவி அப்போது அம்மையின் இடுப்புக்கு அடியில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். ஷோரூமிலிருந்து போன் வருவதுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். முற்றத்தில் நின்று யாருமில்லாத போனில் ஒரு நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது அவர்கள் ஜெபித்து முடித்திருந்தார்கள். அவள் அழுக்குத் துணியை வாளியில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

2014 முடிகிற நேரத்தில், கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்லி இரண்டு நாள் கேரளம் போய்வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து உதிரிபாகம் எடுப்பதற்காக நாகர்கோவில் போகும்போது, அவளுடைய ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் நெரிசலில் நின்றது. வாசலில் ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கழுத்தில் பதக்கத்தோடு என் மனைவி. முழு மாரத்தானை ஓடி முடித்து மருத்துவமனைக்குப் பெருமை சேர்த்தவர் என்று கீழே எழுதியிருந்தது. எட்டு ஒன்றுக்கு அவளை நிற்க வைத்துப் பேசிய நிர்வாகியின் படமும் மூலையில் கைகூப்பிக்கொண்டிருந்தது. அவள் ஓடிய நேரத்தைப் போட்டிருந்தார்கள். நான் நடந்து சேர்ந்த நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணிநேரம் குறைவு. பஸ் நகர நெடுநேரம் ஆயிற்று. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஃபிளக்ஸ் பாத்தேன். எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

திருவுவதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா நீங்களும் கூட வந்திருப்பிய" என்றாள்.

"வந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. வரவேண்டாம்னு தோணிச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். பதக்கத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. லேபில் தன் அலமாரியில் வைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு தாள்கள் இன்னும் பீரோவில் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கின்றன. அம்மை போனபிறகும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் ஓடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. கேட்கிறவர்களிடம் முழங்கால் போய்விட்டது என்று சொல்கிறேன். அவள் பக்கத்தில் நின்றால், ஆமாம், டாக்டர் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்பாள். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.